மைசூர் வரியை மறித்தவர் மைசூருக்காகப் போருக்குப் போனது ஏன்? கொங்கு நாட்டில் வரிக் கோபம் போராக மாறிய கதை

திருப்பூரில் சுதந்திரப் போராட்டம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொடிகாத்த குமரன்தான். 1932 ஜனவரியில் கையில் கொடியோடு போலீஸ் தடியடியில் விழுந்து உயிர்விட்டவர். அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே, இதே மாவட்டத்தின் காங்கேயம் பக்கத்தில் பிறந்த ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போரே நடத்தியிருக்கிறார். அவர்தான் தீரன் சின்னமலை. ஆடிப்பெருக்கு வந்தால் ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் மாலை, மரியாதை, தலைவர்கள் வருகை என எல்லாம் நடக்கும். அவருக்கு அப்படி என்ன கோபம், அது எப்படிப் போர் வரை போனது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

முதல் கோபம் வெள்ளைக்காரர் மேல் இல்லை

சின்னமலை 1756-ல் மேலப்பாளையத்தில் பிறந்தார். இயற்பெயர் தீர்த்தகிரி. அப்போது கொங்கு நாடு மைசூர் ஆட்சிக்குக் கீழ் இருந்தது. இங்கே வசூலாகும் வரிப்பணம் மலை தாண்டி மைசூருக்குப் போகும்.

அப்படிப் போன வரிப்பணத்தை இளைஞர் தீர்த்தகிரி வழியில் மறித்துப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றும், யார் பறித்தது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை என்று சொல்லச் சொன்னார் என்றும் கொங்கு மக்கள் சொல்வார்கள். இது வாய்வழிக் கதை. ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கிறது. வரிக் கோபம் கம்பெனியோடு பிறந்தது இல்லை, அதற்கு முன்பே இங்கே இருந்தது.

அதே சின்னமலை பிறகு திப்பு சுல்தான் பக்கம் நின்று கம்பெனியை எதிர்த்தார். மைசூர் வரியை மறித்தவர் மைசூருக்காக ஏன் போருக்குப் போக வேண்டும்?

காவிரியின் அக்கரையில் தெரிந்த காட்சி

இதற்கான விடை வரைபடத்தில் இருக்கிறது. 1792-ல் திப்பு தோற்று ஒப்பந்தம் போட்டபோது சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனிக்குப் போயின. அதாவது ஏழு வருஷம் காவிரிக்கு அந்தப் பக்கம் சங்ககிரியில் கம்பெனி, இந்தப் பக்கம் ஈரோடு, காங்கேயத்தில் திப்பு.

அக்கரையில் என்ன நடந்தது? அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ போன்ற கம்பெனி அதிகாரிகள் நிலத்தை அளந்தார்கள். வரி இவ்வளவு என்று எழுதி, விவசாயியிடமே நேரடியாக வசூலிக்கும் முறையை ஆரம்பித்தார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை இதுதான். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மழை பொய்த்தால் பேசிக் குறைக்க ஊர்ப் பெரியவர் நடுவில் இருக்க மாட்டார். பட்டக்காரர், பாளையக்காரர் போன்றவர்களின் அதிகாரமும் கையைவிட்டுப் போகும்.

திப்புவும் பாளையக்காரர்களிடம் கனிவாக நடந்தவர் இல்லை. இருந்தாலும், அடுத்து வருபவர் எப்படிப்பட்டவர் என்பதை கொங்குக்காரர்கள் ஆற்றுக்கு எதிர்க்கரையிலேயே பார்த்துவிட்டார்கள்.

1799: ஒரே வருஷத்தில் எல்லாம் மாறியது

1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு கொல்லப்பட்டார். கோவை, ஈரோடு, காங்கேயம், தாராபுரம் எல்லாம் கம்பெனி கைக்கு வந்தன. அதே வருஷம் அக்டோபர் 16-ம் தேதி, கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவரோடு தகராறு தொடங்கியதும் வரி பாக்கியில்தான். அதன் பிறகு தென்பகுதிப் பாளையக்காரர்களிடம் கோட்டைகளை இடிக்கவும், ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனி உத்தரவிட்டது.

விஷயம் திரும்பிய இடம் இதுதான். வரி அதிகம் என்றால் பேரம் பேசலாம், தள்ளிப் போடலாம், ஒளிக்கலாம். ஆயுதத்தைக் கொடு, கோட்டையை இடி என்றால் பேச இனி ஒன்றும் இல்லை.

1800 ஏப்ரலில் விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. சிவகங்கை, திண்டுக்கல், கொங்கு, மலபார், மைசூர் என்று தனித்தனியாகப் புகைந்த கோபங்கள் ஒன்று சேர்ந்தன. கோவையில் இருந்த கம்பெனிப் படையை ஜூன் 3-ம் தேதி, மொஹரம் நாளில் தாக்க வேண்டும் என்பது திட்டம். அது சொதப்பியது. பலர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த வருஷம் ஜூன் 16-ம் தேதி, சின்ன மருது திருச்சியில் வெளியிட்ட பிரகடனம், எல்லா சாதி, மத மக்களும் சேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று கேட்டது. வரி பாக்கி விவகாரம் அதற்குள் அவ்வளவு தூரம் போயிருந்தது.

அமெரிக்காவில் ஜெயித்தது, இங்கே ஏன் இல்லை?

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவிலும் உண்டு. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் வரிக் கோபத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டி தேயிலை, இதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு! மூன்று வருஷத்தில் அங்கே சுதந்திரப் பிரகடனமே வந்துவிட்டது. பிரெஞ்சுப் படையும் கப்பலும் துணைக்கு வர, 1781-ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

இங்கே திப்பு எதிர்பார்த்த பிரெஞ்சு உதவி வந்து சேரவே இல்லை. பாளையக்காரர்களும் ஒரே அணியில் இல்லை. புதுக்கோட்டை தொண்டைமானும் எட்டயபுரமும் கம்பெனி பக்கம் நின்றார்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்னமலை ஏறக்குறைய தனி ஆள்.

அப்படியும் அவர் விடவில்லை. 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அறச்சலூர் என்று மூன்று மோதல்களில் அவர் கம்பெனிப் படையைத் திணறடித்ததாகக் கொங்கு வரலாறு சொல்கிறது. பொல்லான், கருப்ப சேர்வை என்று பல சமூகத்தவர் அந்தப் படையில் இருந்தார்கள். கடைசியில் சமையல்காரர் ஒருவர் காட்டிக்கொடுக்க, சின்னமலையும் அவருடைய சகோதரர்களும் சிக்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1805 ஜூலை 31-ம் தேதி, சங்ககிரி கோட்டையில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

இன்னொரு தகவல். அமெரிக்காவில் தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான் 1792-ல் திப்புவிடமிருந்து சேலத்தைப் பிடுங்கியவர். அவர் இரண்டாவது முறையாக கவர்னர் ஜெனரல் பதவி ஏற்றது, சின்னமலை தூக்கிலிடப்பட்டதற்கு முந்தைய நாள், ஜூலை 30.

சின்னமலை நினைவு நாள் ஜூலை 31-ஆ, ஆகஸ்ட் 3-ஆ என்று பலருக்கும் குழப்பம் உண்டு. அவர் இறந்தது ஆடி 18 அன்று. 1805-ல் அது ஜூலை 31-ல் வந்தது, இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வருகிறது. ஓடாநிலை மணிமண்டபத்தில் அரசு விழா நடப்பது ஆடி 18 கணக்கில்தான்.