தோட்டத்துச் சாளையும் இத்தாலியப் பண்ணை வீடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. அந்த மூன்று நாள் விருந்தைக் கொண்டே உழவுக்கு முட்டுக் கொடுத்த நாடு ஒன்று உண்டு. அதுதான் இத்தாலி.

சென்ற விடுமுறையில் காரமடைக்கு அருகே என் வகுப்புத் தோழனின் தோட்டத்தில் இரண்டு நாட்கள் தங்கினேன். உதகைக்குச் செல்லும் பயணிகள் தங்குவதற்காக அங்குள்ள பழைய சாளையைப் புதுப்பிக்க அவனுடைய தந்தையார் எண்ணியுள்ளார். அதையொட்டி நான் படித்ததையும் கண்டதையும் இங்கே கூறுகிறேன்.

இத்தாலியில் நடந்தது

தஸ்கனிப் பகுதியில் பெரும்பண்ணை நிலத்தில் குடியிருந்து உழுத குடும்பம், விளைச்சலில் பாதியை நிலக்கிழாருக்கு அளக்க வேண்டும். நம் ஊர் வாரத்தைப் போன்ற இம்முறைக்கு 'மெட்சாத்ரியா' என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்குடிகள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். 1964-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆளில்லாத பண்ணை வீடுகள் பல பாழடைந்தன.

1985-இல் வந்த மற்றொரு சட்டம், உழவர்கள் தம் பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்துப் பொருளீட்ட நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. இதுவே 'அக்ரிதுரிஸ்மோ'. இதற்கு முக்கியமான நிபந்தனை, உழவே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது. பரிமாறும் உணவில் பெரும்பகுதி அப்பண்ணையிலோ அவ்வட்டாரத்திலோ விளைந்திருக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம்.

அங்கே புகழ்பெற்ற உணவு 'ரிபொல்லீத்தா'. 'மறுபடி கொதித்தது' என்பது இதன் பொருள். காய்ந்த ரொட்டி, பீன்ஸ், கோசு வகைக் கீரை ஆகியவை சேர்ந்தது. எதையும் வீணாக்க இயலாத ஏழைக் குடியானவரின் உணவு, இன்று விருந்தினர் விலை கொடுத்து உண்ணும் உணவாகிவிட்டது!

நம் சாளையில்

நண்பனின் சாளையில் தொட்டிக்கட்டும், தானியம் வைக்கும் அட்டாலியும், மாடுகளுக்குக் கட்டுத்தரையும் இன்னும் உள்ளன. கிணற்று மேட்டில் கவலை இறைத்த தடம் தெரிகிறது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரக் கிணறுகளில் சிறிது சிறிதாக மின் மோட்டார்கள் வந்தன, மாடுகள் ஓய்ந்தன.

இரவு உணவு சோளச்சோறும் கொள்ளுப் பருப்பும். இந்தச் சேர்க்கையில் அறிவியல் உண்டு. கொள்ளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. மானாவாரிச் சோளக்காட்டுக்கு அது உரமாகிறது. சோளத்தில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலம் கொள்ளில் மிகுதி. நிலத்தில் துணையான பயிர்கள் வட்டலிலும் துணையாகின்றன!

அந்தச் சோறு எனக்கு எளிதில் இறங்கவில்லை. காரணம், என் பாட்டனார் இதே தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். வாசலுக்கு வெளியே நின்றுதான் களி வாங்கி உண்டார். "கூச்சப்படாம உட்காரு கண்ணு" என்று நண்பனின் பாட்டியார் உள்ளே இலை போட்டார். என் பாட்டனார் ஒருநாளும் உட்காராத இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

வீடு திரும்பியதும் என் ஆத்தாவிடம் இதைக் கூறினேன். கம்பு குத்துவதும், களி கிண்டுவதும், பயறு கடைவதும் அவருக்குக் கைவந்த கலை. ஆனால் நான் பள்ளிக்குச் சென்ற நாளில், பிறர் கேலி செய்வார்களென்று அவற்றைத் தூக்குப்போசியில் வைக்க மாட்டார். "களிக்குக் காசு குடுப்பாங்களா சாமி?" என்று சிரித்தார்.

கொடுப்பார்கள். 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்த பிறகு, கம்பும் சோளமும் நகரத்து விருந்துகளிலும் மதிப்புப் பெற்றுள்ளன. அந்தக் காசு யாருக்குச் சேரும் என்பதே என் கேள்வி.

நண்பனின் தந்தையாரிடம் இரண்டு செய்திகளைப் பணிவுடன் கூறினேன். ஒன்று, உழவை விடாதீர்கள். தோட்டம் போனால் மிஞ்சுவது வெறும் விடுதியே. மற்றொன்று, இவ்வுணவை ஆக்கத் தெரிந்த என் ஆத்தா போன்றோரை அழைத்து, உரிய கூலியும் உள்ளே அமர ஓர் இடமும் கொடுங்கள். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உங்க ஆத்தாவை ஒரு நாள் கூட்டிட்டு வா தம்பி" என்றார்.

அடுத்த விடுமுறையில் அழைத்துச் செல்வேன். இம்முறை வாசலோடு நிற்க மாட்டோம்.