இருபத்தோரு உயிர் போன பிறகு வந்த அழைப்பு

மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்புவார்கள். சென்னை-திருச்சி போக்குவரத்துக்கு உயிர்நாடியான அந்தச் சாலை, 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் முடங்கிக் கிடந்தது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டு உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் மல்லாட்டையும் கரும்பும் விளைவிக்கும் சிறு விவசாயிகள், கூலிக்காரர்கள். மாநிலத்தில் 20 விழுக்காடு, மத்தியில் 2 விழுக்காடு தனி இடஒதுக்கீடு என்பது வன்னியர் சங்கத்தின் கோரிக்கை. துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் 21 பேர் மாண்டார்கள். சித்தணி, பார்ப்பனப்பட்டு, முண்டியம்பாக்கம், கோலியனூர் என்று இந்த வட்டாரத்து ஊர்களில் இழவு விழுந்தது. அதே நாட்களில் தலித் குடிசைகளும் எரிந்தன. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இது திடீரென்று வெடித்ததல்ல. 1986 மே மாதம் ஒரு நாள் சாலை மறியல், டிசம்பரில் ரயில் மறியல் என்று இரண்டு முறை முன்னறிவிப்பு கொடுத்தாகிவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த அம்பாசங்கர் கமிஷனின் அறிக்கை 1985-லேயே அரசின் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கூப்பிட்டுப் பேச ஆளில்லை. முதல்வர் எம்.ஜி.ஆர். சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். இங்கே இருந்தவர்கள் போலீசை அனுப்பினார்கள்.

எம்.ஜி.ஆருக்கு மக்கள் குரல் கேட்காது என்று சொல்ல முடியாது. 1979-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்தார். மறு ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதும் அதை நீக்கி, 31 விழுக்காட்டை 50 ஆக்கினார். 1987-லும் ஊர் திரும்பி, நவம்பரில் சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசினார். அந்த அழைப்பு ஆகஸ்டில் போயிருந்தால் இருபத்தோரு வீடுகளில் ஒப்பாரி எழுந்திருக்காது. டிசம்பரில் அவரும் காலமானார்.

1989-இல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு 20 விழுக்காடு தந்தது. தனி ஒதுக்கீடு கேட்டவர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட சாதிகளோடு பங்கு கிடைத்தது; மனக்குறை தீரவில்லை. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிப்பு வந்த அதே நாளில், அந்த 20-க்குள் வன்னியருக்கு 10.5 விழுக்காடு தரும் உள்ஒதுக்கீட்டு மசோதா அவசர அவசரமாக நிறைவேறியது. போதிய தரவு இல்லாத அந்தச் சட்டம் உயர் நீதிமன்றத்திலும், 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. அன்று தாமதம் கெடுத்தது, இன்று அவசரம் கெடுத்தது.

மாண்டவர்களுக்கு விழுப்புரத்தில் 2025 ஜனவரியில் மணிமண்டபம் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் நீதிமன்றம் கேட்டது தரவு. எந்தச் சாதிக்கு எத்தனை இடம் கிடைத்திருக்கிறது என்று கணக்கெடுத்து, எல்லாச் சாதிக்காரர்களும் பார்க்கும்படி அரசு வெளியிடட்டும். அடுத்த மறியலுக்கு முன்பே வெளியிடட்டும்.