கருவி வாங்க மானியம், கீரை வாங்க யார்?

சிங்கப்பூரில் நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. வேளாண்மைக்கு இருப்பதோ மொத்த நிலத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு. குறைந்த இடத்தில் அதிகம் விளைய வேண்டும் என்றுதான் அரசாங்கம் 2021ல் 6 கோடி வெள்ளி நிதியைத் தொடங்கியது. தானியங்கிக் கருவிகள் வாங்கும் செலவில் ஒரு பகுதியைப் பண்ணைகளுக்கு அது கொடுத்தது. ஒளியையும் உரத்தையும் கணினி அளந்து கொடுக்க, அடுக்கடுக்காகக் கீரை வளர்கிறது.

ஆனால் கருவியை வாங்கிய பிறகும் மின்கட்டணம் மாதாமாதம் வரும். அது கீரையின் விலையில் ஏறும். தேக்கா சந்தையில் மலேசியக் கீரை மலிவாகக் கிடைக்கும்போது என் கையும் அங்கேதான் போகிறது. குடும்பச் செலவு அப்படி. சில அடுக்குப் பண்ணைகள் மூடப்பட்டன. 2030க்குள் 30 விழுக்காடு என்ற இலக்கையும் அரசாங்கம் 2025 நவம்பரில் மாற்றியது. இப்போதைய இலக்கு 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20, புரத உணவில் 30 விழுக்காடு.

என்னைக் கேட்டால், அடுத்த உதவி விற்பனைக்குப் போக வேண்டும். ‘வாரத்துக்கு இத்தனை கிலோ, இந்த விலை’ என்று பேரங்காடிகளும் உணவகங்களும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால், விதைக்கும்போதே விவசாயிக்கு வரவு தெரியும். கடன் வாங்கிக் கருவி வைத்தவர் நிம்மதியாகத் தூங்குவார்.