ஒரே மாளிகை, பல முடிவுகள்

படமோ ஒலியோ இன்றி எழுத்தால் மட்டுமே நடைபெறும் கணினி விளையாட்டில், திரையில் தோன்றும் ஒரு பத்தி இடத்தையும் சூழலையும் விவரிக்க, விளையாடுபவர் கட்டளையொன்றைத் தட்டச்சு செய்தோ சொல்லொன்றைத் தொட்டோ கதையை நகர்த்துகிறார். 1976இல் வில் கிரவுதர் என்னும் அமெரிக்கர் ஒரு குகையைக் களமாகக் கொண்டு எழுதிய நிரலிலிருந்து கிளைத்த இவ்வடிவத்தில், சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும் கோதிக் திகில் விளையாட்டுகள் தனிக் கவனத்துக்கு உரியவை.

கோதிக் என்பது, 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' நாவலோடு இங்கிலாந்தில் தோன்றிய திகில் மரபாகும். பாழடைந்த மாளிகை, முன்னோர் செய்த பாவம், திறக்கக் கூடாத அறை ஆகியவற்றை வாசகர் முன்பே அறிந்திருப்பதால், பூட்டிய கதவைப் பற்றிய ஒரே வரி இங்கே ஓர் அத்தியாயத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. இம்மரபு குறுவடிவத்துக்கு இத்துணை இசைந்துவருவதற்குக் காரணம் அதுவே.

இத்தகைய விளையாட்டின் முடிவுகள் பலவாவது மாறிகளால், அதாவது விளையாடுபவர் செய்ததை நிரல் நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு குறிப்புகளால். எடுத்துக்காட்டாக, மாளிகைக்கு வந்து மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்ட விருந்தாளி நிலவறையில் தம் முகமே தீட்டப்பட்ட பழைய ஓவியத்தைக் காணலாம்; எடுக்காதவரின் கையை இருளில் வேறொரு கை பற்றலாம். 2009இல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கிய ட்வைன் என்னும் இலவச மென்பொருள், நிரலாக்கம் பயிலாதவர்களும் இத்தகைய கிளைக்கதைகளை எழுத வழிசெய்தது.

எனினும் முடிவுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவே இன்றியமையாதது. இரண்டாம் முறை விளையாடுபவர் நிலவறையில் இருப்பதை அறிவார், ஆனால் கதைக்குள் நுழையும் விருந்தாளி எதையும் அறியார். அறிந்தே அவரை அங்கே அனுப்புவதில், அச்சத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துவிடுகிறது, அச்சிட்ட நாவல் எளிதில் தர இயலாத அனுபவம் இது. சாம் பார்லோவின் 'ஐல்' (1999) திகில் கதையன்று எனினும், ஒரே ஒரு கட்டளையோடு முடிந்து நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகளைத் தருவதாலும், அவை ஒன்றையொன்று மறுப்பதாலும், இவ்வகைக்கு நல்ல பாடமாக அமைகிறது. 1855ஆம் ஆண்டு லண்டன் மனநோய் விடுதியில் நிகழும் 'ஸ்லௌச்சிங் டுவர்ட்ஸ் பெட்லம்' (2003), அளவில் சற்றுப் பெரிதாயினும், செய்ததை அழித்துத் திரும்பிச் செல்லும் கட்டளையையே கதையின் தீமைக்குள் இழுத்துக்கொண்டு விடுகிறது.

ஹாலோவீன் திருநாளையொட்டி நடைபெறும் எக்டோகாம்ப் என்னும் எழுத்து விளையாட்டுப் போட்டியில், சில மணி நேரத்துக்குள் எழுதி முடிக்கப்படும் படைப்புகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. அத்தகைய நெருக்கடியில் எழுதுவோர், சாகும் விதத்தை மட்டும் மாற்றிப் பத்து முடிவுகளை அடுக்குவதைவிட, மாளிகை யாருடையது என்னும் கேள்விக்கு வெவ்வேறு விடை தரும் மூன்று முடிவுகளை எழுதுவதே சிறப்பு. ஏனெனில் முதல் முடிவில் பலியாகத் தோன்றியவர் மூன்றாவதில் வாரிசாகத் தெரியும்போது, முன்பு படித்த அதே வரிகள் வேறு பொருள் கொள்கின்றன.