ஆஸ்போர்ன் போன பிறகு நெப்ராஸ்கா அணிக்கு என்ன ஆச்சு?

நம்ம சுவர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதின்னாலே கிரிக்கெட்தான் வரும். இந்தத் தடவை ஒரு மாறுதலுக்கு அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க.

அமெரிக்காவில் ஃபுட்பால்னு சொன்னா அது நாம விளையாடுற கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடணும், இல்லைன்னா எறியணும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நாலு வாய்ப்புக்குள்ள 10 கஜம் முன்னேறினா இன்னும் நாலு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறலைன்னா பந்து எதிரணிக்குப் போயிடும். கடைசிக் கோட்டைத் தாண்டினா 6 புள்ளி. அதுக்கு டச்டவுன்னு பேர். அதுக்கப்புறம் பந்தை இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைச்சா 1 புள்ளி. உதைக்காம மறுபடி கோட்டைத் தாண்டிக் காட்டினா 2 புள்ளி. இந்த 1, 2 கணக்கை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

நெப்ராஸ்கா என்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிற விவசாய மாநிலம். மக்காச்சோளம் அதிகம் விளையும். அங்குள்ள பல்கலைக்கழக அணியின் பேரே 'கார்ன்ஹஸ்கர்ஸ்'. அதாவது சோளக் கதிரின் மட்டையை உரிப்பவர்கள்! மாநிலம் முழுக்கச் சேர்த்து 20 லட்சம் பேர்தான். பெரிய தொழில்முறை அணி எதுவும் அந்த மாநிலத்தில் இல்லை. அதனால் இந்த மாணவர் அணிதான் அவங்களுக்கு எல்லாமே. லிங்கன் நகரத்தில் இருக்கிற மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துபோயிருக்குன்னு கணக்கு வச்சிருக்காங்க. அது 400 ஆட்டத்தைத் தாண்டிடுச்சு. ஜெயிச்சாலும் தோத்தாலும் சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்துடுவாங்க.

1962-இல் பாப் டெவானி என்பவர் கோச்சாக வந்தார். அதுக்கு முன்னாடி அணி ரொம்ப மோசம். அவர் 1970, 1971 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன் ஆக்கிவிட்டு, தன் உதவிக் கோச் டாம் ஆஸ்போர்னிடம் அணியை ஒப்படைத்தார். ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன் இருந்தார். ஜெயித்தது 255, தோற்றது 49, சமன் 3. எந்த சீசனிலும் 9 வெற்றிக்குக் குறைந்ததே இல்லை. அவர் கல்வி உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கோச்னா கத்திக்கிட்டே இருப்பாங்கன்னு நாம நினைப்போம். இவர் அதிகம் சத்தம் போடாத மனுஷன்.

இவரைப் பற்றி ஒரு ஆட்டத்தைச் சொன்னாலே போதும். 1984 ஜனவரி 2. ஆரஞ்சு பௌல் ஆட்டம். (சீசன் முடிந்ததும் நல்லா ஆடிய அணிகளை அழைத்து நடத்துகிற ஆட்டத்துக்கு 'பௌல்'னு பேர்.) அந்த சீசனில் நெப்ராஸ்கா ஒரு ஆட்டம்கூட தோற்கவில்லை. எதிரணி மியாமி. முடிய 48 வினாடி இருக்கும்போது நெப்ராஸ்கா டச்டவுன் எடுத்தது. மியாமி 31, நெப்ராஸ்கா 30. இப்போ பந்தைச் சும்மா உதைச்சா 1 புள்ளி, ஆட்டம் சமன். அப்போ கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. சமன் ஆனாலே அநேகமா சாம்பியன் பட்டம் இவங்களுக்குத்தான். ஆஸ்போர்ன் என்ன செய்தார் தெரியுமா? 2 புள்ளிக்குப் போகச் சொன்னார். எறிந்த பந்தை மியாமி வீரர் ஒருவர் தட்டிவிட்டார். போச்சு. பட்டம் மியாமிக்குப் போனது.

சிலர் இதை முட்டாள்தனம்னு சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. சமன் செய்து பட்டம் வாங்குவதைவிட ஜெயித்து வாங்கணும்னு நினைச்சிருக்கார். அதுக்கப்புறம் முதல் பட்டத்துக்கு அவர் 11 வருஷம் காத்திருந்தார். 1995 ஜனவரி 1-ஆம் தேதி, அதே ஆரஞ்சு பௌலில், அதே மியாமியை 24-17 என்று ஜெயித்து 1994 சீசனின் சாம்பியன் ஆனார்கள். 1995-லும் பட்டம். 1997-இல் மிச்சிகன் அணியோடு பகிர்ந்துகொண்ட பட்டம். கடைசி 5 சீசனில் மட்டும் 60 வெற்றி, 3 தோல்வி. அப்படி உச்சியில் இருக்கும்போதே ஓய்வு பெற்றார்.

இனிமேல்தான் கதையே. பெரிய கோச் போனதும் அணி தடால்னு விழுந்துடுச்சுன்னு நினைப்பீங்க. அப்படி நடக்கலை. அடுத்து வந்தவர் ஃபிராங்க் சாலிச். டெவானியிடம் வீரராக ஆடியவர், ஆஸ்போர்னிடம் 19 வருஷம் உதவிக் கோச்சாக இருந்தவர். வீட்டு மனுஷன் மாதிரி. 1999-இல் 12 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 2001 சீசனில் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் வரைக்கும் போனார். அங்கே மியாமியிடம் 37-14 என்று தோல்வி. 2002-இல் 7 வெற்றி, 7 தோல்வி. உடனே ஊரே முணுமுணுக்க ஆரம்பிச்சிடுச்சு. 2003-இல் திரும்ப எழுந்து 9 ஆட்டம் ஜெயித்து 3 தோற்றார். அந்த நிலைமையில் அவரை வேலையைவிட்டு எடுத்துட்டாங்க! ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி. இது தோற்றுப்போனவர் கணக்கா? நீங்களே சொல்லுங்க. அவருடைய குறை ஒன்றே ஒன்றுதான், அவர் ஆஸ்போர்ன் இல்லை.

அடுத்து வந்த பில் காலஹன் தொழில்முறை அணியிலிருந்து வந்தவர். நெப்ராஸ்கா காலங்காலமாகப் பந்தைக் கையில் வைத்து ஓடி ஓடியே ஜெயித்த அணி. 'ஆப்ஷன்'னு அந்த முறைக்குப் பேர். பந்தை வைத்திருப்பவர் தானே ஓடுவதா, பக்கத்தில் வருபவருக்குக் கொடுப்பதான்னு ஓடும்போதே முடிவு பண்ணணும். இவர் அதைத் தூக்கிப் போட்டுட்டு, பந்தை எறிகிற முறையைக் கொண்டுவந்தார். ஓடுவதற்காகச் சேர்ந்த பையன்களை எறியச் சொன்னா என்ன ஆகும்? 2004-இல் டெக்சாஸ் டெக் அணியிடம் 70-10. அந்த சீசன் 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு தோல்வி அதிகமான முதல் சீசன் அதுதான். தொடர்ந்து 35 சீசன் பௌல் ஆட்டத்துக்குப் போன சங்கிலியும் அன்னைக்கு அறுந்தது. 2007-இல் கான்சாஸ் அணி 76 புள்ளி அடித்தது. அந்த அக்டோபரில் 70 வயது ஆஸ்போர்னையே விளையாட்டுத் துறைத் தலைவராகத் திரும்பக் கூப்பிட்டாங்க. (நடுவில் அவர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்துட்டு வந்தார்!)

அப்புறம் போ பெலினி. ஏழு சீசன், ஒவ்வொன்றிலும் குறைந்தது 9 வெற்றி. அவரையும் 2014-இல் எடுத்துட்டாங்க. அடுத்து மைக் ரைலி, 19 வெற்றி 19 தோல்வி. 2018-இல் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தபோது மாநிலமே கொண்டாடியது. ஏன்னா அவர் அந்த மண்ணின் பிள்ளை, 1997 சாம்பியன் அணியில் பந்து எறிந்த வீரர். ஆனால் 16 வெற்றி, 31 தோல்வி. 2021-இல் தோற்ற ஒன்பது ஆட்டமும் 9 புள்ளிக்குள்ளேதான். படிக்கும்போதே வயிறு எரியுது! 2022 செப்டம்பரில் அவரும் போனார்.

இதுக்கெல்லாம் கோச்சுகளை மட்டும் குறை சொன்னா சரியா வராது. ஒரு காலத்தில் எத்தனை மாணவருக்கு வேணும்னாலும் உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கலாம். 1973-இல் அதை 105 ஆக்கினாங்க. படிப்படியாகக் குறைத்து 1994-இல் 85 ஆக்கிட்டாங்க. நல்ல வீரர்கள் எல்லா அணிக்கும் பரவிட்டாங்க. ஆனால் யோசிச்சுப் பாருங்க, அந்த 1994-இல்தான் நெப்ராஸ்கா பட்டமே வாங்கியது. அதனால் அது மட்டுமே காரணம் இல்லை. இன்னொன்று, எடைப் பயிற்சிக்குன்னே தனி ஆளை 1969-லேயே நெப்ராஸ்கா வைத்தது. பின்னாடி எல்லோரும் வைத்துட்டாங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கிற வித்தை எல்லார்கிட்டயும் வந்துட்டா அப்புறம் என்ன இருக்கு? 2011-இல் 'பிக் டென்' என்கிற வேற குழுவுக்கு மாறியதால், டெக்சாஸ் பக்கத்து அணிகளோடு வருஷா வருஷம் ஆடுவதும் நின்றுபோனது. அந்தப் பக்கத்துப் பையன்களை இழுப்பதும் கஷ்டமானது.

இப்போ நான் சொல்லப்போறதைப் பெண்பிள்ளைகள் கட்டாயம் படிக்கணும். அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் வாலிபால் அணி இருக்கு. அங்கேயும் ஒரு பெரிய கோச், டெர்ரி பெட்டிட், 1977 முதல் 1999 வரை இருந்தார். 1995-இல் சாம்பியன். அவர் போகும் முன்பே, கடைசி வருஷம் ஜான் குக்கைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். 2000-இல் குக் தலைமைக் கோச் ஆன முதல் சீசனிலேயே 34 ஆட்டம், 34-ம் வெற்றி, தேசியப் பட்டம்! அப்புறம் 2006, 2015, 2017-லும் பட்டம். குக் 2025 வரை இருந்தார். நடுவில் பட்டம் இல்லாத வருஷம் எத்தனையோ வந்தது. யாரும் அவரை எடுக்கலை. அதே ஊர், அதே சிவப்புச் சட்டை ஜனங்கள்தானே?

ஃபுட்பால் அணி மேட் ரூல் என்ற கோச்சிடம் 2024-இல் 7 ஆட்டம் ஜெயித்து, எட்டு வருஷத்துக்கு அப்புறம் பௌல் ஆட்டத்துக்குப் போனது. பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தது. அதே வருஷம் ஏப்ரலில் சாலிச்சை லிங்கனுக்கு அழைத்து மரியாதை செய்தாங்க. வேலையை விட்டு எடுத்து 20 வருஷம் கழிச்சு! அந்த இடைவெளியில் அவர் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய் 115 ஆட்டம் ஜெயித்திருந்தார்.

2023 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அந்த மெமோரியல் ஸ்டேடியத்தின் நடுவில் வாலிபால் வலை கட்டினாங்க. நெப்ராஸ்கா பெண்கள் ஒமாஹா பல்கலைக்கழகப் பெண்களை மூன்று செட்டிலேயே ஜெயித்தாங்க. பார்க்க வந்தவர்கள் 92,003 பேர்.