பத்திரம் படிப்போரின் ஆண்டுக்கூடல்

அமெரிக்காவில் நிலத்தின் உரிமைமூலத்தை, அதாவது ஒரு சொத்து இன்னாருக்கே உரியது என்பதற்கான சட்ட அடிப்படையை, ஆராய்ந்து அதற்குக் காப்பீடு வழங்குவோர் மாநிலந்தோறும் சங்கம் அமைத்து ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு கூட்டுகின்றனர். கடற்கரையிலோ மலைப்பகுதியிலோ உள்ள விடுதி ஒன்றில் சில நாள்கள் நடைபெறும் இம்மாநாடுகளில், காலையில் கருத்தரங்குகளும் பிற்பகலில் கோல்ஃப் போட்டியும் மாலையில் குடும்பத்தாருடன் விருந்தும் குழந்தைகளுக்கான விளையாட்டுகளும் இடம்பெறுவது வழக்கம். வெளிப்பார்வைக்கு இது சுற்றுலாவாகத் தோன்றினாலும், அந்நாட்டில் வீடு வாங்கும் எளிய குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் காக்கும் அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்வது பெருமளவு இத்தகைய கூடல்களின் வழியாகத்தான்.

இதன் தேவையை உணர, அங்குள்ள பதிவுமுறையை முதலில் அறிய வேண்டும். கவுண்டி எனப்படும் உள்ளாட்சி வட்டங்கள் அந்நாட்டில் 3,000-க்கும் மேல் உள்ளன; பெரும்பாலான மாநிலங்களில் கிரயப் பத்திரங்களும் அடமானப் பத்திரங்களும் அந்தந்தக் கவுண்டியின் பதிவு அலுவலகத்தில்தான் பதிவாகின்றன. ஆனால் அந்த அலுவலகம் தன்னிடம் வரும் ஆவணத்தைப் பதிந்து பாதுகாக்கிறதே தவிர, விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்று உறுதி கூறுவதில்லை. போலிக் கையெழுத்து, மறைக்கப்பட்ட வாரிசு, செலுத்தப்படாத வரி, தீர்க்கப்படாத அடமானம் என எந்த வில்லங்கமும் பதிவேட்டின் ஏதோ ஒரு பக்கத்திலோ, பதிவேட்டுக்கு வெளியிலோ ஒளிந்திருக்கலாம்.

இந்தக் குறையின் விளைவை வெளிப்படுத்தியது பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் 1868-இல் அளித்த வாட்சன் எதிர் முயர்ஹெட் வழக்கின் தீர்ப்பு. சொத்து மாற்றத்தை நடத்திக்கொடுக்கும் தொழில்செய்த முயர்ஹெட், ஒரு கடன் தீர்ப்பு அந்தச் சொத்தைக் கட்டுப்படுத்தாது என்ற வழக்கறிஞரின் கருத்துரையை நம்பிச் செயல்பட்டார்; அந்தக் கருத்துரை பின்னர் தவறாகி, வாங்கிய வாட்சன் பணம் இழந்தார். முயர்ஹெட் கவனக்குறைவாக நடக்கவில்லை என்பதால் அவர் ஈடுகொடுக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறியது. எவர்மீதும் குற்றமில்லாதபோதும் வாங்கியவரே நட்டப்படும் இந்நிலைக்குத் தீர்வாக 1874-இல் அம்மாநிலம் சட்டம் இயற்ற, 1876-இல் பிலடெல்பியாவில் முதல் உரிமைமூலக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. பிற காப்பீடுகள் இனி நேரக்கூடிய விபத்துக்கு ஈடுதருபவை. இதுவோ முன்பே நேர்ந்து இன்னும் வெளிப்படாத குறைக்கு ஈடுதருவது. பிரீமியமும் கிரயத்தின்போது ஒரே முறைதான் செலுத்தப்படுகிறது.

ஆவணங்களைச் சொத்துவாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் தனியார் அட்டவணைகளே இத்தொழிலின் முதுகெலும்பு. 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் தீக்கிரையானபோது அரசுப் பதிவேடுகள் முற்றிலும் எரிந்துபோயின. ஆனால் மூன்று தனியார் நிறுவனங்கள் தீயிலிருந்து மீட்ட சுருக்கக் குறிப்பேடுகள் ஒன்றையொன்று இட்டுநிரப்பின. அக்குறிப்பேடுகளைச் சான்றாக ஏற்க 1872-இல் இல்லினாய் மாநிலம் சட்டம் செய்தது. அதே சிகாகோவில்தான் 1907-இல் இத்தொழிலின் தேசியச் சங்கம் உருவாயிற்று. அது இன்று அமெரிக்க நில உரிமைமூலச் சங்கம் எனப்படுகிறது.

மாநாட்டுக் கருத்தரங்குகளின் உள்ளடக்கம் காலத்துக்கேற்ப மாறிவருகிறது. அண்மைக் காலத்தில் முதலிடம் பெறுவது ஆள்மாறாட்டம். அடமானம் ஏதுமற்ற காலிமனையைப் பொதுப்பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிக்கும் மோசடிக்காரர், உரிமையாளரைப் போல நடித்து, சந்தை விலைக்குக் குறைவாக விலைகூறி, நேரில் வராமலே கையெழுத்திட்டு விற்றுவிட முயல்கிறார். விலை ஏன் குறைவு, விற்பவர் ஏன் முகம் காட்ட மறுக்கிறார் என்று ஐயுறவும், வரி ரசீது செல்லும் முகவரிக்குத் தனியே கடிதம் அனுப்பி உண்மையான உரிமையாளரிடம் உறுதிசெய்யவும் கருத்தரங்கில் பயிற்றுவிக்கின்றனர். வாங்குபவரின் பணத்தைக் கிரயம் முடியும்வரை நடுநிலையாக வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில், வங்கி இருப்பும் அலுவலகப் பேரேடும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கும் மும்முனையில் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் முறையும் விளக்கப்படுகிறது. பல மாநிலங்களில் உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி கட்டாயம் என்பதால், இவ்வகுப்புகள் சட்டக் கடமையையும் நிறைவேற்றுகின்றன.

குடும்ப நிகழ்ச்சிகளை வெறும் பொழுதுபோக்காகக் கருதுவது பொருந்தாது. சிற்றூர்களில் உரிமைமூல அலுவலகங்கள் பலவும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் குடும்பத் தொழில்கள்; எந்தப் பண்ணை எப்போது பாகப்பிரிவினையானது, எந்த எல்லைக்கோடு எந்த ஓடையின் பழைய தடத்தைப் பின்பற்றுகிறது என்பவை போன்ற உள்ளூர் அறிவு அவற்றில்தான் தங்கியுள்ளது. விருந்து மேசையில் அறிமுகமாகும் இளையோர், பிற்காலத்தில் பக்கத்துக் கவுண்டியின் சிக்கலான ஆவணம் ஒன்று கையில் வரும்போது, யாரைக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதை அறிந்தவர்களாக இருக்கின்றனர்.

இம்முறைமீது விமரிசனமும் உண்டு. வசூலாகும் பிரீமியத்தில் சிறுபகுதியே இழப்பீடாகச் செல்வதால் கட்டணம் மிகுதி என்று சிலர் வாதிட, முன்கூட்டியே குறைகளைத் தேடித் தீர்ப்பதற்கான செலவே அது என்று தொழில்துறையினர் மறுமொழி கூறுகின்றனர். ஐயோவா மாநிலம் 1947-இல் தனியார் உரிமைமூலக் காப்பீட்டு விற்பனையைத் தடைசெய்து, பின்னர் அரசே உத்தரவாதம் வழங்கும் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையிலோ, பதிவேடே உரிமைக்கு உத்தரவாதமாகிறது.

இந்தியாவின் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் ஆவணத்தைப் பதிவுசெய்வதேயன்றி உரிமைக்கு உறுதி தருவதன்று. வில்லங்கச் சான்றிதழில் காணப்படுவனவும் பதிவான ஆவணங்களே. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், அரசு அறிவிக்கை செய்யும்போது கட்டுநர்கள் உரிமைமூலக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவில் வகைசெய்துள்ளது. அத்தகைய காப்பீடு இங்கே வேரூன்ற வேண்டுமானால், மூலப்பத்திரம் முதல் இன்றைய கிரயம்வரை ஆவணங்களைத் தொடர்ச்சியாகப் படித்துப் பிழை காணத் தெரிந்தவர்கள் ஒன்றுகூடிக் கற்கும் அமைப்பும் உடன் வளர வேண்டும். காப்பீட்டுப் பத்திரம் இழந்த பணத்தை மட்டுமே திருப்பித் தர வல்லது. குடும்பம் ஒன்று தன் வீட்டையே இழக்காமல் காப்பது, கிரயத்துக்கு முன்பே குறையைக் கண்டறியும் பயின்ற கண்தான்.