உடம்புக்குள் ஓர் ஊர் – 9: கரண்டி பிடிக்காத ஆள்

1980 முடிந்து 1981 பிறக்கிற சமயம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை. முப்பதுகளில் இருந்த ஒருவர் வாய் முழுக்க வெள்ளைப் பூஞ்சையோடு படுத்திருந்தார், தயிர் ஆடை படிந்த மாதிரி. கைக்குழந்தைக்கோ, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கோ வரக்கூடியது அது. நேற்றுவரை நன்றாக நடமாடிய ஆளுக்கு ஏன் வர வேண்டும்? நோயெதிர்ப்பியல் மருத்துவர் மைக்கேல் காட்லீப்புக்கு இது உறுத்தியது. வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணும் சோதனை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ரத்தத்தை அதற்கு அனுப்பினார்.

ஒரு வகை அணு மட்டும் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. உதவி டி செல்.

அந்த ஆண்டு ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வாராந்தர அறிக்கையில் இரண்டு பக்கம்கூட நிரம்பாத ஒரு குறிப்பு வெளியானது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து ஆண்கள், வயது 29 முதல் 36 வரை. ஐவருக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற அபூர்வமான நிமோனியா. அதற்குள் இருவர் இறந்திருந்தார்கள். ஐவரிடமும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றின் தடயமும் இருந்தது. உலகில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் உடம்பில் இந்த வைரஸ் சத்தம் போடாமல் குடியிருக்கிறது. யாருக்கும் தெரிவதுகூட இல்லை. இங்கே அது தலைதூக்கியிருந்தது.

சென்ற வாரம் பார்த்த கொல்லும் டி செல், வைரஸ் புகுந்த அணுவை நேரில் போய் அழிக்கும். பி செல் எதிர்ப்பொருளைச் சுரக்கும். உதவி டி செல்லோ, சில விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டால், இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் இருப்பார். கரண்டியைத் தொட மாட்டார், இலை போட மாட்டார். ‘மூணாவது வரிசைக்கு சாம்பார்’ என்று குரல் மட்டும் கொடுப்பார். அவர் ஒருநாள் வராவிட்டால் பாயசம் முதலில் வரும், சோறு வராது.

இந்த ஆள் இருப்பதே 1960கள் வரை யாருக்கும் தெரியாது. 1968இல் மெல்போர்னில் ஜாக் மில்லரும் கிரஹாம் மிட்செலும் தைமஸ் சுரப்பியை அகற்றிய எலிகளை வைத்துச் சோதித்தார்கள். எலும்பு மஜ்ஜை அணுக்களை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பொருள் சரியாக உருவாகவில்லை. தைமஸிலிருந்து வந்த அணுக்களையும் சேர்த்துக் கொடுத்தபோது ஏராளமாக உருவானது. எதிர்ப்பொருளைச் சுரந்தவை எவை என்று குரோமோசோம் அடையாளத்தை வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் மஜ்ஜையிலிருந்து வந்தவை. தைமஸ் அணு பக்கத்தில் நின்று ஏவியதோடு சரி.

தொண்டை வலியோடு கழுத்தில் நெறி கட்டினால் பாட்டிமார்கள் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். காரியம் நடப்பது அந்த நெறிக்குள்தான். மூச்சுக்குழாயில் ஃப்ளூ வைரஸ் நுழைந்ததும் டென்ட்ரிடிக் செல் என்ற காவல் அணு அதை விழுங்கி, பொடித்து, துணுக்குகளைத் தன் மேல்தோலில் மாட்டிக்கொண்டு நெறிக்கு ஓடிவருகிறது. அந்தத் துணுக்கை அடையாளம் காணக்கூடிய உதவி டி செல் லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. அது வந்து உரசும்வரை காத்திருக்க வேண்டும். உரசியபின் அது பெருக வேண்டும். புதிதாக வரும் வைரஸை அடக்க உடம்புக்கு ஒரு வாரமாவது பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

பிறகு நடப்பது பேங்க் லாக்கர் மாதிரி: ஒரு சாவி போதாது. பி செல்லும் அதே வைரஸைப் பிடித்து, விழுங்கி, துணுக்கைக் காட்டுகிறது. உதவி டி செல் வந்து அதைச் சரிபார்க்கிறது. சரியாக இருந்தால் சி.டி.40 லிகண்ட் என்ற புரதத்தை நீட்டி, பி செல்லின் மேலுள்ள சி.டி.40ஐத் தொடுகிறது. லாக்கர் திறக்கிறது. பி செல் பல்கிப் பெருகி, முதலில் சுரந்த ஐ.ஜி.எம். வகையை விட்டு ஐ.ஜி.ஜி. வகைக்கு மாறுகிறது, வைரஸை இன்னும் இறுக்கமாகப் பற்றும்படி தன்னைத் திருத்திக்கொள்கிறது. சொந்த உடம்பையே தாக்கும் பி செல் தவறிப்போய்க் கிளம்பினாலும் இரண்டாம் சாவி கிடைக்காமல் பெரும்பாலும் அடங்கிவிடும். டென்ட்ரிடிக் செல்லையும் உதவி டி செல் இதே வழியில்தான் முடுக்குகிறது. அப்படி முடுக்கப்பட்ட டென்ட்ரிடிக் செல்தான் கொல்லும் டி செல்களை நன்றாகத் தயார் செய்யும்.

அந்தச் சாவி பிறவியிலேயே இல்லாத பிள்ளைகள் உண்டு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். ரத்தத்தில் ஐ.ஜி.எம். தாராளமாக இருக்கும், ஐ.ஜி.ஜி. சொற்பம். காரணம் 1993இல்தான் பிடிபட்டது. இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் நோய் எது தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸில் பார்த்த அதே நியூமோசிஸ்டிஸ் நிமோனியா.

அங்கே அணுக்களைத் தின்றுகொண்டிருந்த வைரஸ் 1983இல் பாரிஸில் பிடிபட்டது. எச்.ஐ.வி. உதவி டி செல்லின் மேலுள்ள சி.டி.4 என்ற புரதமே அதற்கு வாசல். காவலுக்கு முடுக்கிவிடப்பட்ட அணுவில்தான் அது இன்னும் வேகமாகப் பெருகும் என்பது இதில் பெரிய வயிற்றெரிச்சல். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் அது முதன்முதலாகத் தெரியவந்தது.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. ‘சி.டி. ஃபோர் எவ்வளவு?’ என்பது அங்கே வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வியானது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருந்தால் ஆரோக்கியம். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம். அன்று பெரும்பாலும் அப்படி இறங்கிய பிறகுதான் மாத்திரை. 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் கொடுக்கிறார்கள்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு விசித்திரமாக ஒன்று நடக்கும். எண்ணிக்கை ஏறும், எடை கூடும், திடீரென்று காய்ச்சல் அடிக்கும், கழுத்தில் நெறி கட்டும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்தப் போவார்கள். உள்ளே பதுங்கியிருந்த காசநோய்க் கிருமியைத் திரும்பி வந்த உதவி டி செல்கள் இப்போதுதான் கண்டுபிடித்துக் குரல் கொடுத்திருக்கும். அதனால்தான் காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதற்கான மருந்தை ஆரம்பித்து, பிறகு எச்.ஐ.வி. மாத்திரைக்குப் போகிறார்கள் மருத்துவர்கள்.

(தொடரும்)